கிராபிக்ஸ் கார்டு டிரைவர் ஏற மறுத்தால் எங்கிருந்து தொடங்குவது?

டிரைவர், அதாவது கார்டை விண்டோஸ் பயன்படுத்த வைக்கும் மென்பொருள். அதன் நிறுவல் பாதியில் நின்றதும் பலர் செய்வது, அதே கோப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. அது நின்ற இடத்திலேயேதான் மறுபடியும் நிற்கும். உறவினர் வீட்டுக் கணினிகளைப் பார்க்கப் போகும்போது நான் அந்தக் கோப்பை மூடிவிட்டு, விண்டோஸுக்குக் கார்டு தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அதற்கும் முன்னால், பெட்டியின் பின்பக்கம் ஒரு பார்வை. என் அக்கா மகன் புதுக் கார்டு போட்டும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது, டிரைவரில்தான் கோளாறு என்று கூப்பிட்டான். மானிட்டர் கேபிள் மதர்போர்டிலேயே செருகியிருந்தது. கார்டின் போர்ட்டுகள் பெரும்பாலும் கீழே, கிடைமட்டமாக இருக்கும். கேபிள் அங்கேதான் போக வேண்டும். கார்டின் விளிம்பில் 6 அல்லது 8 முனை பவர் சாக்கெட் இருந்தால், பவர் சப்ளையிலிருந்து அதற்குத் தனி வயர் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்லாட் வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட்தான்.

சரி, இப்போது ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' பகுதியை விரியுங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று மட்டும் இருந்தால், படம் காட்டும் அளவுக்கு விண்டோஸ் சமாளிக்கிறது, உண்மையான டிரைவர் ஏறவில்லை என்று பொருள். கார்டின் பெயரோடு மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இரட்டைக் கிளிக் செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 43 என்றால் கார்டு ஏதோ கோளாறு என்று சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. டிரைவராலும் வரலாம், கார்டே பழுதாகியும் வரலாம். எதுவுமே தெரியவில்லை என்றால் கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டைக் கழற்றி அழுத்திப் பொருத்துங்கள்.

கார்டு எந்த மாடல் என்று தெரியாவிட்டால் அதே சாளரத்தில் 'டீடெய்ல்ஸ்' போய் 'ஹார்ட்வேர் ஐடிஸ்' தேர்ந்தெடுங்கள். 'வென்' என்பதற்கு அடுத்து 10டிஇ இருந்தால் என்விடியா, 1002 இருந்தால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். அடுத்து வரும் 'டெவ்' எண்ணைத் தேடினால் மாடல் கிடைத்துவிடும். பொருந்தும் கார்டு கிடைக்கவில்லை என்று நிறுவி சொன்னால், அநேகமாகக் கோப்புதான் தவறு. பழைய கார்டுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்: என்விடியாவின் கெப்ளர் தலைமுறை 470 வரிசை டிரைவரோடு முடிந்துவிட்டது, 32 பிட் விண்டோஸுக்கு 390 வரிசைதான் கடைசி.

கோப்பு சரிதான், ஆனாலும் ஏறவில்லை என்றால் பழைய டிரைவரின் மிச்சம் எங்கோ கிடக்கக்கூடும். அதைத் துடைத்தெடுக்க நான் நம்புவது 'டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற மென்பொருள், சுருக்கமாக டிடியூ. இதில் வரிசை முக்கியம். புது டிரைவரையும் டிடியூவையும் முதலிலேயே இறக்கி வையுங்கள். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்பு விசையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடுக்குப் போகும் வழியில் அதைக் கேட்கக்கூடும். அப்புறம் இணையத்தைத் துண்டியுங்கள். பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். டிரைவர் இல்லாத கார்டைக் கண்டதும் விண்டோஸ் அப்டேட் பின்னணியில் தானாகவே ஒரு டிரைவரை இறக்கத் தொடங்கிவிடும். நீங்கள் ஒன்றை நிறுவ, அது இன்னொன்றை நிறுவ, இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். லேன் கேபிளைக் கையால் பிடுங்கிவிடுவதே எனக்கு நிம்மதி.

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். அங்கே டிடியூவில் கார்டின் நிறுவனத்தைத் தேர்ந்து 'கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்' கொடுங்கள். கணினி வழக்கம்போல எழுந்ததும், இணையம் இல்லாமலே புது டிரைவரை நிறுவுங்கள். நடுவில் திரை சில நொடி கறுத்துப்போகும். அப்போது பவர் பட்டனில் கை வைக்கவே கூடாது. நிறுவி முடித்து இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்த பிறகு கேபிளைச் செருகலாம்.

அப்போதும் தோற்றால் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஐஎன்எஃப்' திறந்து, 'செட்அப்ஏபிஐ.டெவ்' என்ற பதிவுக் கோப்பை நோட்பேடில் பாருங்கள். மூன்று ஆச்சரியக்குறிகளோடு தொடங்கும் வரிகள்தான் பிழைகள். கடைசியிலிருந்து மேலே வந்தால் நிறுவல் எங்கே அறுந்தது என்று தெரியும். துப்புரவாக நிறுவியும் 43 போகவில்லையா? கார்டை வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே எண் வந்தால் கார்டுதான் பழுது, டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

நன்றாக ஓடும் டிரைவரின் நிறுவல் கோப்பை அழிக்காதீர்கள். டிடியூ ஓட்டியபின் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' செய்யப் பழைய டிரைவர் இருக்காது. அடுத்த பதிப்பு தொல்லை கொடுத்தால் திரும்பிப் போக அந்தக் கோப்புதான் வேண்டும். பதிப்பு எண்ணைப் பெயரில் சேர்த்து, விண்டோஸ் இல்லாத டிரைவில் வையுங்கள்.