கோணல், தொங்கல், குழறல்: உங்கள் தெருவில் பக்கவாத விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவது எப்படி?

என் சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று காலையில் வீட்டில் ஏழு பேர் இருந்தோம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததை ஏழு பேரும் பார்த்தோம். இருந்தும் வீட்டை விட்டுக் கிளம்ப ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஒருவர் சுக்குக் காபி போட்டார், ஒருவர் எண்ணெய் தேய்த்தார். திருப்பூரில் இருக்கும் மகனுக்கு போன் போட்டு, அவன் எடுக்கும் வரை காத்திருந்தோம். அப்புறம் பக்கத்து கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில். அங்கிருந்து போன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இல்லை. ஸ்கேன் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் அவருக்கு இடது கை விரல்கள் விரியாது.

அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் நான்கு கூட்டங்கள் நடத்தியிருக்கிறேன். முதல் கூட்டம் படுதோல்வி. நீங்கள் அதே குழியில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கூட்டத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியை முடிவு செய்யுங்கள்

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைப்பது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கட்டியைக் கரைக்கும் ஊசியை ரத்தக்கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிரே போகலாம். அதனால் சிடி ஸ்கேன் பார்க்காமல் எந்த டாக்டரும் அந்த ஊசியைப் போட மாட்டார். அதைப் போடுவதற்குப் பொதுவாக, பக்கவாதம் வந்ததிலிருந்து 4.5 மணி நேரம்தான் கணக்கு. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதற்குள்ளேயே முடிய வேண்டும்.

எனவே நேரில் போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் சிடி ஸ்கேன் எடுப்பீங்களா? கட்டியைக் கரைக்கிற ஊசி இங்கேயே போடுவீங்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லும் இடம் எதுவோ, அதன் பெயரைத்தான் கூட்டத்தில் சொல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து விசாரிக்க ஆரம்பியுங்கள். பக்கத்தில் இருக்கிறது, தெரிந்த டாக்டர் என்பதெல்லாம் இதற்கு உதவாது.

2. ஆள் சேர்க்காதீர்கள், ஆள் இருக்கும் இடத்துக்குப் போங்கள்

மகளிர் குழுக் கூட்டம், நூறு நாள் வேலை நடக்கும் இடம், டீக்கடை. 20 நிமிடம் போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் அக்காவையும் கூப்பிடுங்கள். எந்த வீட்டில் யாருக்கு பிபி என்பது அவருக்குத் தெரியும்.

புரொஜெக்டர் வேண்டவே வேண்டாம். முதல் கூட்டத்தில் அதை வைத்துக்கொண்டு, "நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் செத்துப்போகலாம்" என்று ஸ்லைடு காட்டினேன். யாரும் அசையவில்லை. ஒரு சார்ட் பேப்பர், தடித்த மார்க்கர், போனில் ஸ்டாப்வாட்ச். இவ்வளவுதான் என் கருவிகள்.

3. 'ஃபாஸ்ட்' வேண்டாம்

உலகம் முழுக்க 'ஃபாஸ்ட்' என்று முகம், கை, பேச்சு, நேரம் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோர்த்துச் சொல்லித் தருகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், "வேகமா போகணும்னு சொன்னீங்க" என்றார்கள். தப்பில்லை, ஆனால் எதைப் பார்த்து வேகமாகப் போவது?

இப்போது நான் சொல்லித் தருவது மூன்று வார்த்தை: கோணல், தொங்கல், குழறல். திடீரென இதில் ஒன்று வந்தாலும் 108.

கோணல்: "சிரிங்க" என்று சொல்லாதீர்கள், பயந்துபோன வீட்டில் யாருக்கும் சிரிப்பு வராது. "பல்லைக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறும்.

தொங்கல்: கண்ணை மூடி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு கை மெல்ல இறங்கினால் கவனிக்க வேண்டியது அதுதான்.

குழறல்: இங்கே என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்த ஏழைக் கிழவனைச் சொல்லச் சொன்னேன். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பக்கவாதம்! பெயர், ஊர், காலையில் சாப்பிட்டது என்ன என்று கேட்டாலே போதும்.

திடீரென ஒரு கண் தெரியாமல் போவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது, இதுவரை வந்திராத அளவுக்குக் கடும் தலைவலி ஆகியவையும் உண்டு. ஆனால் முதல் கூட்டத்தில் மூன்றோடு நிறுத்துங்கள்.

4. சண்டையை நடித்துக் காட்டுங்கள்

எங்கள் வீட்டில் அறிகுறி தெரியாமல் தாமதம் ஆகவில்லை. யார் முடிவு எடுப்பது என்று தெரியாமல்தான் ஆனது. அதனால் கூட்டத்தில் பாதி நேரம் இதற்குத்தான்.

ஒருவரை நோயாளியாக நாற்காலியில் உட்கார வையுங்கள். ஐந்தாறு பேருக்கு ஆளுக்கொரு சீட்டு. "எண்ணெய் தேய்ச்சா சரியாயிடும்", "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்", "ஆட்டோ கூப்பிடு", "விடியட்டும் பார்க்கலாம்" என்று எழுதியிருக்கும். சீட்டு இல்லாத ஒருவர்தான் இவர்களைச் சமாளித்து 108ஐ அழைக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். (நிஜமாக டயல் செய்துவிடாதீர்கள்.)

மகளிர் குழுவில் ஒரு பெண் ஐந்து நிமிடம் தாண்டியும் போனைக் கையில் வைத்தபடி நின்றார். கேட்டால், "அவரைக் கேக்காம எப்படிங்க?" என்றார். கணவரைத்தான் சொன்னார். நாடகத்தில் நோயாளியும் கணவர்தான்! எல்லோரும் சிரித்துவிட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அன்றைக்கு அங்கேயே ஒரு விதி போட்டோம்: முதல் போன் 108க்கு, இரண்டாவது போன்தான் மகனுக்கு. 108 இலவசம், பேலன்ஸ் இல்லாவிட்டாலும் போகும். வீட்டு அடையாளம் சொல்லவும் பழக்குங்கள். "மாரியம்மன் கோயில் பக்கம்" என்றால் எந்த மாரியம்மன்?

5. மணி கேட்பது: நான் தடுக்கி விழுந்த இடம்

டாக்டர் என்னிடம் "எப்ப ஆச்சு?" என்று கேட்டார். "காலைல ஆறு மணிக்கு" என்றேன். நாங்கள் பார்த்தது ஆறு மணிக்கு, ஆனது எப்போது என்று யாருக்குத் தெரியும்? டாக்டருக்குத் தேவை, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரம். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தவர் ஆறு மணிக்கு இப்படி எழுந்தால் கணக்கு பத்திலிருந்துதான். ஆனால் சித்தப்பா நாலரைக்கு எழுந்து பாத்ரூம் போய், சித்தியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறார். நன்றாகப் பேசியிருக்கிறார். அப்படியானால் கணக்கு நாலரையிலிருந்து! இதைச் சித்தி மறுநாள்தான் சொன்னார், யாரும் அவரிடம் கேட்கவில்லை.

எனவே கேள்வியை மாற்றுங்கள்: "கடைசியா எப்ப நல்லா பேசினாங்க, நடந்தாங்க?" பார்த்தவர் யாரோ, அவரே ஆம்புலன்ஸில் ஏற வேண்டும். அவர் வர முடியாவிட்டால் போன் நம்பராவது வேண்டும். நேரத்தைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள், பதற்றத்தில் மறந்துவிடும். தனியாக இருந்தவர் என்றால் அவர் போனில் கடைசியாகப் பேசிய அழைப்பைப் பாருங்கள்.

நேரம் தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு செய்து வீட்டில் இருந்துவிடவும் கூடாது. தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சை, சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள்.

6. செய்யக் கூடாதவை

தண்ணீர், காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவாக இருந்தால் கேடு. பிபி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்காதீர்கள், பிபி சட்டென இறங்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். புறா ரத்தம் தேய்ப்பதைப் பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். கிண்டல் செய்யாமல், "அதைத் தேடுற நேரத்துல ஸ்கேன் முடிஞ்சிடும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

7. பிபி மெஷினைக் கடைசியில் எடுங்கள்

முன்பே மேசையில் வைத்தால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், யாரும் காது கொடுக்க மாட்டார்கள். மணிக்கட்டில் கட்டுவதைவிட மேல்கையில் கட்டும் மெஷின்தான் எனக்குப் பிடிக்கும்.

பின்சேர்க்கை 1: 108, ஆஸ்பத்திரி பெயர், மூன்று வார்த்தை அச்சடித்த ஸ்டிக்கரை தினசரி காலண்டர் அட்டையில் ஒட்டச் சொல்லியிருந்தேன். ஜனவரியில் காலண்டரோடு ஸ்டிக்கரும் குப்பைக்குப் போய்விட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் தெருவிலும் அதே கதை. இப்போது பீரோ கதவில்.

பின்சேர்க்கை 2: "பத்து நிமிஷத்துல தானா சரியாயிடுச்சு, ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிட்டோம்" என்று ஒரு பின்னூட்டம். அனுப்பாதீர்கள். வந்து போனது சிறு அடைப்பாக இருக்கலாம், பெரியது அடுத்த ஓரிரு நாளிலேயே வரக்கூடும். சரியானாலும் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும்.

பின்சேர்க்கை 3: நாடகச் சீட்டுக்குப் புது வசனங்கள் நிறைய வந்தன. நான் சேர்த்துக்கொண்டது ஒன்று: "இப்பதானே நல்லா இட்லி சாப்பிட்டாரு, அதுக்குள்ள என்ன வந்துடப் போவுது?" இந்தச் சீட்டு வந்ததிலிருந்து ஸ்டாப்வாட்ச்சில் ஒரு நிமிடம் கூடுதலாக ஓடுகிறது.