மில்க்வீட் விதையை முளைக்க வைப்பது எப்படி? ஒரு தெருவே சேர்ந்து மோனார்க் வண்ணத்துப்பூச்சிக்கு இடம் கொடுக்க ஒரு செய்முறை

மார்ச் மாதம் மில்க்வீட் விதைப் பொட்டலம் வாங்கி, தொட்டியில் தூவி, தண்ணீர் ஊற்றி, ஜூன் வரைக்கும் வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கனடாவின் ஒன்ராறியோவில் நிறையப் பேர். பெரும்பாலும் விதையில் பழுதில்லை. அதற்குக் குளிர்காலம் கிடைக்கவில்லை. இந்தப் பதிவில் பாதி அந்த ஒரு படியைப் பற்றியதுதான். அது சரியானால் மற்றதெல்லாம் சாதாரணத் தோட்ட வேலை.

மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு மில்க்வீட் இலையைத் தவிர வேறொன்றையும் தின்று வளராது. ஊரில் எருக்கலை இலையில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாய் வரிபோட்ட புழு ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது வெந்தய வரியனின் புழு, மோனார்க்குக்கு நெருங்கிய சொந்தம். எருக்கலையும் மில்க்வீட்டும் ஒரே குடும்பம். பெரும்பாலான மில்க்வீட்டிலும் இலையைக் கிள்ளினால் எருக்கலையைப்போலவே வெள்ளைப் பால் வடியும்.

கோடை முடிவில் இங்கிருந்து கிளம்பும் தலைமுறை சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து, மெக்சிக்கோவின் மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அங்கே மோனார்க்குகள் அடைந்திருக்கும் காட்டுப் பரப்பை அளந்துதான் அவற்றின் நிலையை மதிப்பிடுகிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் அது 18 ஹெக்டேருக்கு மேல். 2013-14இல் 0.67 ஹெக்டேர், 2023-24இல் 0.9, 2024-25இல் 1.79. கனடா 2023 டிசம்பரில் மோனார்க்கை அழியும் ஆபத்திலுள்ள உயிரினமாகப் பட்டியலிட்டது.

எந்த மில்க்வீட்?

தெற்கு ஒன்ராறியோவுக்கு மூன்று போதும். ஈரம் நிற்கும் இடத்துக்கும் களிமண்ணுக்கும் ஸ்வாம்ப் மில்க்வீட். மணற்பாங்கான, நீர் தேங்காத வெயிலிடத்துக்குச் செம்மஞ்சள் பூப் பூக்கும் பட்டர்ஃபிளை மில்க்வீட். பரந்த வெளிக்குக் கொமன் மில்க்வீட்.

முதன்முறை வளர்ப்பவர்கள் ஸ்வாம்ப் மில்க்வீட்டில் தொடங்குவது நல்லது. வீட்டு முற்றத்தில் அடங்கி நிற்கும், சுலபமாகப் பிடிக்கும். கொமன் மில்க்வீட் நிலத்தடித் தண்டு விட்டுப் பக்கத்து வீட்டுப் புல்தரையிலும் தலைகாட்டும். அதற்குப் பாடசாலை வேலியோரம், கோயில் வாகனத் தரிப்பிடத்தின் ஓரம், மின்கம்பிப் பாதை போன்ற இடங்களே பொருத்தம். முன்பு ஒன்ராறியோவின் களைப் பட்டியலில் மில்க்வீட் இருந்தது. 2014இல் நீக்கிவிட்டார்கள். ஆகவே அது சட்டவிரோதம் என்று யாராவது சொன்னால் பழைய கதை.

சில கடைகளில் சிவப்பும் மஞ்சளும் கலந்த பூவோடு விற்கும் ட்ரொபிக்கல் மில்க்வீட்டை வாங்க வேண்டாம். அது இந்த மண்ணின் செடி அல்ல. பனி வந்தால் செத்துவிடும்.

விதைக்குக் குளிர் காட்டுதல்

இதில் தடுக்குவோர் செய்வது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. குளிரே காட்டாமல் விதைப்பது முதலாவது. பொட்டலத்தை அப்படியே உலர்ந்தபடி குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது இரண்டாவது. உறைபெட்டியில் போடுவது மூன்றாவது. விதையின் உறக்கத்தைக் கலைக்க ஈரமும் குளிரும் சேர்ந்து வேலை செய்யவேண்டும். உலர்ந்த குளிர் விதையைப் பத்திரமாக வைத்திருக்கும், எழுப்பாது. உறைபெட்டியில் ஈரம் பனிக்கட்டியாகி நின்றுவிடுவதால் அங்கேயும் ஒன்றும் நடக்காது.

தேவையானவை: 50 விதை, அரைக் கோப்பை கழுவிய மணல், மூடும் பிளாஸ்டிக் பை, அழியாத மை பேனா. மணலுக்கு ஹார்ட்வெயார் கடைகளில் பிள்ளைகள் விளையாடுவதற்கென விற்கும் மணலே போதும்.

மணலில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். கையில் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலிடுக்கில் ஒரு துளியும் சொட்டக்கூடாது. உதிர்ந்தால் இன்னும் அரைக் கரண்டி விடுங்கள். சொட்டினால் மணல் சேருங்கள். விதையைக் கலந்து பையில் போட்டு, செடியின் பெயரையும் திகதியையும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். 1 முதல் 5 பாகை செல்சியஸ் வரை இருந்தால் சரி. 30 நாள் குறைந்தபட்சம். 45 நாள் வைத்தால் முளைப்பு இன்னும் சீராக இருக்கும். மார்ச் முதலாம் திகதி வைத்தால் ஏப்ரல் நடுவில் எடுக்கலாம்.

ஈரக் காகிதத் துவாலையில் விதையைச் சுற்றி வைக்கும் முறையைப் பலர் சொல்வார்கள். மணலே மேல். காகிதத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். முளைத்த வேர் நாருக்குள் புகுந்து, பிரிக்கும்போது முறியும். மணலென்றால் விதையைத் தேடிப் பிரிக்கவே வேண்டாம், மணலோடு தூவிவிடலாம்.

வாரம் ஒருமுறை பையைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும் வடிதட்டில் கொட்டிக் கழுவி, விதையை மட்டும் எடுத்துப் புது மணலில் போடுங்கள், பெரும்பாலான விதை தப்பும். பையிலேயே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நாள் கணக்கை விட்டுவிட்டு அன்றே விதையுங்கள்.

பையும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழி. நவம்பரில் நேரே நிலத்தில் விதைத்து அரைச் சென்ரிமீற்றர் மண் மூடிவிடலாம், பனியே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அணில் கிளறும், மழை அடித்துப் போகும். அதைவிட 4 லீட்டர் தண்ணீர்க் கொள்கலனை இடையில் வெட்டி, அடியில் ஐந்தாறு துளையிட்டு, 10 சென்ரிமீற்றர் மண் நிரப்பி, ஜனவரியில் விதைத்து, மேற்பாதியை ஒட்டி, மூடியைக் கழற்றிவிட்டு வெளியே வைப்பது நல்ல முறை.

முளைத்த பிறகு

அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் விதைத்து 21 முதல் 25 பாகைச் சூட்டில் வைத்தால் ஏழு முதல் பதினான்கு நாளில் முளைக்கும். யன்னல் வெளிச்சம் மட்டும் போதாது, தண்டு நூல்போல நீளும். சாதாரண எல்.ஈ.டி. விளக்கை நாற்றுக்கு 5 முதல் 8 சென்ரிமீற்றர் மேலே கட்டித் தினமும் 14 மணிநேரம் எரியவிடுங்கள். தண்ணீரைத் தட்டில் விட்டு அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேலிருந்து ஊற்றி மண் எப்போதும் நனைந்திருந்தால் நாற்று அடித்தண்டு கறுத்துச் சாயும்.

பட்டர்ஃபிளை மில்க்வீட் ஆணிவேர்ச் செடி. அதற்கு ஆழமான தொட்டி வேண்டும். ஒருமுறை நட்டபின் இடம் மாற்றினால் பிழைப்பது அரிது.

மே மாத விக்டோரியா தின லோங் வீக்கெண்டுக்குப் பிறகு நடலாம். அதற்கு முன் ஒரு வாரமாவது கன்றுகளைப் பகலில் வெளியே வைத்துப் பழக்குங்கள். ஆறு மணிநேர வெயில், செடிக்குச் செடி 45 சென்ரிமீற்றர். நட்ட வாரத்தில் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பிடுங்கி எறியாதீர்கள். வேர் உயிரோடு இருந்தால் மீண்டும் தளிர்க்கும்.

தெருவைச் சேர்த்தல்

பெண் மோனார்க் பெரும்பாலும் ஒரு செடிக்கு ஒரு முட்டை, இரண்டு முட்டை என்று வைத்துக்கொண்டே பறக்கிறது. ஆனால் ஒரு புழு முழுதாக வளர்வதற்குள் சின்னக் கன்றொன்றை மொட்டையாக்கிவிடும். ஒரு வீட்டில் இரண்டு கன்று நட்டால் புழு பாதியில் பட்டினி கிடக்கும். ஓரிடத்தில் குறைந்தது பத்துக் கன்று, அப்படிப்பட்ட இடங்கள் தெருவில் நாலைந்து என்று இருந்தால் அது வாழிடம். ஆகவே ஒருவர் எல்லோருக்குமாக விதைக்குக் குளிர் காட்டட்டும். 200 விதை ஒரு பையில் அடங்கும். மற்றவர்கள் ஏப்ரலில் ஆளுக்கொரு தட்டு நாற்று எடுத்துக்கொள்ளலாம்.

புல்லைக் கொத்திப் புரட்டவேண்டாம். நடுவதற்கு முந்திய இலையுதிர்காலத்திலேயே மட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று 15 சென்ரிமீற்றர் படியும்படி விரித்து, நனைத்து, மேலே 10 சென்ரிமீற்றர் இலைக்குப்பை போடுங்கள். வசந்தத்தில் புல் செத்திருக்கும், மட்டை இளகியிருக்கும். கறுப்புத் தோட்டத் துணி வேண்டவே வேண்டாம். நிலத்துக்குள் கூடு கட்டும் தேனீக்களை அது அடைத்துவிடும். நாட்டுத் தேனீ இனங்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு மண்ணில்தான் கூடு கட்டுகின்றன. அவற்றுக்காக வெயில்படும் ஒரு சதுர மீற்றர் மண்ணை எதுவும் மூடாமல் விட்டுவிடுங்கள்.

மில்க்வீட் மட்டும் போதாது. மெக்சிக்கோவரை பறக்க வேண்டிய தலைமுறைக்குச் செப்டெம்பரில் தேன் வேண்டும். நியூ இங்கிலாந்து ஆஸ்டரும் கோல்டன்ரொட்டும் அந்த மாதத்தில் பூக்கும். கோல்டன்ரொட்டால் தும்மல் வருகிறது என்று வெட்டுகிறார்கள். தும்மலுக்குக் காரணம் அதே காலத்தில் பூக்கும் ராக்வீட். அதன் மகரந்தம் காற்றில் பறக்கும். கோல்டன்ரொட்டின் மகரந்தம் பிசுபிசுப்பானது, பூச்சியில் ஒட்டித்தான் போகும்.

பொதுவிடமாக இருந்தால் செடி வளர்ப்பதைவிடச் சிரமமானது அதைப் புல்வெட்டும் இயந்திரத்திடமிருந்து காப்பாற்றுவது. கொண்டோ அடுக்குமாடியிலும் கோயிலிலும் பாடசாலையிலும் புல் வெட்ட வருபவர்கள் வெளி ஒப்பந்தக்காரர்கள். நிர்வாகம் சம்மதித்திருந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. ஜூலையில் முட்டையோடு எல்லாம் போய்விடும். ஆகவே நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அதன் நகலை ஒப்பந்தக்காரருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பாத்தியைச் சுற்றிக் கல் அடுக்கி, கண்ணுக்குப் படும் உயரத்தில் ஒரு பலகை நடுங்கள். ரொறன்ரோவில் 20 சென்ரிமீற்றருக்குமேல் வளரக்கூடாது என்ற நகரவிதி புல்தரைக்கு உரியது, நட்டு வளர்த்த தோட்டச் செடிக்கு அல்ல. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் அயலவர் முறையிட்டாலும் பேசலாம்.

பின்சேர்ப்பு: அடிக்கடி வரும் சிக்கல்கள்

*தண்டு முழுக்க மஞ்சள் அசுவினி.* செடி சாகாது. சவர்க்கார நீரும் வேப்பெண்ணெயும் தெளிக்கவேண்டாம், சின்னப் புழுவும் அதில் சாகும். இலையின் அடியில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விரலால் நசுக்குங்கள். கையுறை போடுங்கள். பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும், மருத்துவரிடம் போகவேண்டி வரும்.

*கடையில் வாங்கிய கன்றில் புழுக்கள் செத்து விழுகின்றன.* பெரும்பாலும் நியோனிக்கொட்டினொயிட் என்ற பூச்சிகொல்லி மருந்து. அது செடியின் சாற்றிலேயே ஊறியிருக்கும், கழுவினால் போகாது. வாங்கும்போதே கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வாங்கவேண்டாம்.

*மில்க்வீட் மாதிரியே காய்க்கும் கொடி.* அது டோக் ஸ்ட்ராங்லிங் வைனாக இருக்கலாம். ரொறன்ரோவின் கிழக்கே ரூஜ் பள்ளத்தாக்கில் நிறையப் பரவியிருக்கிறது. மோனார்க் ஏமாந்து அதில் முட்டையிடும், பொரிக்கும் புழு அத்தனையும் சாகும். இலையைக் கிள்ளிப் பாருங்கள், வெள்ளைப் பால் வராது. தண்டைப் பிடித்து இழுத்தால் அறுந்து மறுபடி முளைக்கும். வேர்முடிச்சோடு தோண்டி, காய் வெடிக்கும் முன்பே கறுப்புப் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். உரக்குழியில் போடவேண்டாம்.

*புழுக்களை வீட்டுக்குள் எடுத்து வளர்க்கலாமா?* வேண்டாம். நெருக்கமாக வளர்த்தால் ஓ.ஈ. என்ற ஒட்டுண்ணி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவிச் சிறகு மடங்கிய பூச்சிகள் வரும். ஒன்ராறியோவில் மோனார்க் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனமும்கூட. வெளியே எண்ணி, பொதுமக்கள் மோனார்க்கைக் கணக்கெடுக்கும் மிஷன் மோனார்க் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். எத்தனை செடி பார்த்தீர்கள், எத்தனை முட்டை, எத்தனை புழு என்று மூன்று எண் போதும். பூச்சியம் என்றாலும் பதியுங்கள்.

*அடுத்த ஏப்ரலில் ஒன்றும் முளைக்கவில்லை.* மில்க்வீட் எல்லாவற்றுக்கும் பிந்தி, மே நடுவில் அல்லது முடிவில்தான் மண்ணைக் கீறி வரும். இலையுதிர்காலத்திலேயே ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் ஒரு குச்சி குத்தி வையுங்கள். ஜூன் பிறக்கும்வரை அந்த இடத்தில் மண்வெட்டி படக்கூடாது.