நேரமே இல்லாதவர்கள் ஜெபிப்பது எப்படி? டோம்பிவிலி லோக்கலிலிருந்து சில யோசனைகள்

"அதிகாலை நாலு மணிக்கு எழுந்து கர்த்தருடைய பாதத்தில் உட்காருங்கள்" என்று ஊரிலிருந்து வருகிற பிரசங்கிமார் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எழுந்திருப்பதில் மும்பைக்காரிகளுக்கு என்ன சிரமம்? எங்கள் கட்டடத்தில் தண்ணீர் விடுவதே அந்த நேரத்தில்தான். டிரம் நிரம்ப வேண்டும், குக்கர் இறங்க வேண்டும், எல்லாருக்கும் டப்பா கட்ட வேண்டும். இதற்கு நடுவே அமைதியான ஒரு மணி நேரம் தானாக வரும் என்று காத்திருந்தால் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

அதனால் நேரத்தைத் தேடாதீர்கள். தினமும் தப்பாமல் நடக்கிற ஏதாவது ஒன்றைப் பிடித்து, ஜெபத்தை அதோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். எனக்கு அது மும்பை லோக்கல் ரயில். டோம்பிவிலியில் ஏறி தாதரில் இறங்குகிறேன், பெண்கள் பெட்டி. ஒருத்தி மடியில் பட்டாணி உரிப்பாள், இன்னொருத்தி போனில் மாமியாரோடு சண்டை போடுவாள், ஏறுகிற ஒவ்வொருத்தியும் "எங்கே இறங்குவீங்க?" என்று கேட்டு சீட்டுக்குத் துண்டு போடுவாள். இந்தச் சத்தத்தில் மனதை ஒருமுகப்படுத்த எனக்கு வராது. ஆனால் "புடீல் ஸ்டேஷன்" என்று மராத்தியில் அறிவிப்பு வருகிறதே, அதைக் கோவில் மணியாக வைத்துக்கொண்டேன்.

டோம்பிவிலி தாண்டி தானே ஸ்டேஷன் வரும்வரை வீட்டு ஆட்களுக்காக ஜெபம். பொத்தாம்பொதுவாக "குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று சொல்லி முடிப்பதில்லை. மகனுடைய கணக்குப் பரீட்சை, ஊரில் அம்மாவின் முழங்கால், வீட்டுக்காரரின் வேலை மாற்றம் என்று பெயரும் காரியமுமாகச் சொல்வேன். தானேயிலிருந்து குர்லா வரை அலுவலகம். மேலாளரின் பெயரை ஆண்டவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனால், அன்றைக்கு அவரிடம் எரிந்து விழுவது கொஞ்சம் கஷ்டமாகிவிடுகிறது. குர்லாவுக்கு அப்புறம் வண்டி சயானைக் கடக்கும். அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, மேற்கே தாராவி, அதில் எங்கள் சொந்தக்காரர்களும் சபையாரும். அந்த இடத்தில் வியாதியஸ்தர்கள். தாதர் நெருங்கும்போது, பரேலில் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு சிகிச்சைக்காக ஊரிலிருந்து வந்து, பாஷை தெரியாமல் தங்கியிருக்கிற தமிழ்க் குடும்பங்கள். எங்கள் சபையில் அக்காமார் சிலர் அவர்களுக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுபோவார்கள். போகமுடியாத நாளில் என்னால் ஆனது இதுதான்.

கண்ணை மூடவேண்டியதில்லை. மூடினால் தாதரில் இறங்கவும் முடியாது. கதவுப் பக்கம் நகர ஆரம்பிக்கவில்லையென்றால் கூட்டம் நம்மைத் தாதர் தாண்டி பைகுல்லா ஸ்டேஷனில்தான் இறக்கிவிடும். நிற்க இடமில்லாத நாளில் பட்டியலை விட்டுவிட்டு, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்பதை மட்டும் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு வரி போதும்.

உங்களுக்கு ரயில் இல்லையா? லிஃப்டுக்குக் காத்திருப்பது, அடுப்பில் பால் பொங்கும்வரை நிற்பது, பிள்ளையின் ஸ்கூல் பஸ் வரும்வரை கேட்டில் நிற்பது, எதுவானாலும் சரி. தினமும் நடக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அலுவலகத்துக்குள் நுழைந்த பிறகு எனக்கு நெகேமியாதான் குரு. பெர்சிய ராஜாவுக்குத் திராட்சரசம் ஊற்றிக் கொடுக்கிற வேலை அவனுக்கு. "நீ கேட்கிறது என்ன?" என்று ராஜா கேட்கிறான். பதில் சொல்வதற்குள் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினான் என்று வேதாகமத்தில் அவன் பெயரிலுள்ள புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. ராஜாவை நிற்கவைத்துவிட்டு முழங்கால் போட்டிருக்க முடியுமா? ஒரு மூச்சு நேரம்தான் கிடைத்திருக்கும். கோபமாக ஒரு மெயில் எழுதிவிட்டு, அனுப்புகிற பட்டனை அமுக்கும் முன் "ஆண்டவரே, இதை அனுப்பவா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி மெயில் போகாது. ஆனால் இந்த ஒரு மூச்சு ஜெபத்தை வைத்தே வண்டி ஓட்டலாம் என்று நினைக்கவேண்டாம். முதல் அதிகாரத்தில் அதே நெகேமியா நாள்கணக்காக அழுது உபவாசித்தவன்.

வேத வாசிப்புக்கு வருவோம். முழு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வருஷத்துக்குள் முடிக்க தினம் மூன்றுக்கு மேல் வாசிக்கவேண்டும். ஜனவரியில் ஆதியாகமம் பறக்கும், பிப்ரவரியில் லேவியராகமத்தில் வண்டி நின்றுவிடும். நேரமில்லாதவர்களுக்கு இந்தத் திட்டத்தை நான் சொல்லவே மாட்டேன். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான், அதில் தொடங்குங்கள். அல்லது 120 முதல் 134 வரை உள்ள ஆரோகண சங்கீதங்கள். மொத்தம் 15, பெரும்பாலானவை பத்து வசனத்துக்குள். பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப்போனவர்கள் வழியில் பாடியவை என்று சொல்வார்கள். பயணத்திலேயே வாழ்நாள் கழிகிற நமக்கு வேறென்ன வேண்டும்? ரயில் பாஸ் வைக்கிற பிளாஸ்டிக் உறையின் பின்பக்கத்தில் வாரத்துக்கு ஒரு வசனத்தைத் துண்டுத்தாளில் எழுதிச் செருகிவிடுவேன். "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்" என்கிற 121-ஆம் சங்கீத வசனம் மட்டும் மழைக்காலம் முழுக்க மாறாது. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டி நிற்கிற நாளில் அதன் அருமை தெரியும்.

போனில் தமிழ் வேதாகமம் இருக்கத்தான் செய்கிறது, நல்லது. இன்டர்நெட்டை அணைத்துவிட்டுத் திறவுங்கள். காலையில் பத்து குரூப்புக்கு வசனப் படம் அனுப்புவதை மட்டும் வாசித்த கணக்கில் சேர்க்காதீர்கள். பிரசங்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதும் அப்படித்தான்.

ராத்திரி குடும்ப ஜெபத்தைச் சின்னதாக வையுங்கள்: ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஆளுக்கு ஒரு வரி நன்றி. பிள்ளைகள் தூங்கி விழுகிறபோது நீட்டினால் அவர்களுக்கு ஜெபம் என்றாலே கொட்டாவி வரும்.

உடம்பு ஓய்ந்துபோன நாளில் தூங்கிவிடுங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்தபோது தேவதூதன் உபதேசம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிட வைத்தான். கர்த்தர் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான்.

ஞாயிறு ஆராதனையை மட்டும் விடாதீர்கள். தனியாக ஜெபித்துக்கொள்கிறேன் என்பவர்கள் கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் லோக்கலில் மெகா பிளாக் இருக்கும், அதாவது தண்டவாள வேலைக்காகச் சில மணி நேரம் வண்டிகளை நிறுத்துவார்கள் அல்லது வேறு தடத்தில் திருப்பிவிடுவார்கள். சனிக்கிழமையே எந்த லைன், எத்தனை மணிக்கு என்று பார்த்து, பிளாக் தொடங்குவதற்கு முந்தின வண்டியைப் பிடியுங்கள். சேலையை அன்றைக்கே இஸ்திரி போட்டு, காணிக்கைக் கவரை வேதாகமத்துக்குள் வைத்துவிட்டால் காலையில் தேட வேண்டாம். திரும்புகிற வண்டி தாமதமானால், சபையிலேயே டீ குடித்துக்கொண்டு யாரிடமாவது "என்ன அக்கா, வீட்டில் எல்லாரும் எப்படி?" என்று கேளுங்கள். திங்கட்கிழமை ரயிலில் ஜெபிக்க வேண்டிய பெயர்கள் அங்கேதான் கிடைக்கும்.