பழைய வாள் கைக்கு வந்ததும் பாலிஷைத் தேடாதீங்க

பழைய தல்வார் (நம்ம நாட்டு வளைஞ்ச வாள்) ஒண்ணு கைக்கு வந்தா முக்காவாசிப் பேர் செய்யற முதல் வேலை, பித்தளை பாலிஷ் போட்டு பளபளன்னு தேய்க்கறதுதான். தயவுசெஞ்சு வேணாம். இரும்புக் கைப்பிடில தங்கப் பூவேலை தெரிஞ்சா அது பெரும்பாலும் கோஃப்த்காரி, அதாவது இரும்புல குறுக்கும் நெடுக்குமா பொடிக்கோடு கீறி அதுமேல தங்கக் கம்பியத் தட்டி ஒட்டினது, மெல்லிசோ மெல்லிசு, நாலு தடவ அழுத்தித் தேய்ச்சா தங்கம் துணியோட போயிடும், மிச்சம் அந்தக் கீறல்தான்.

இதையே எனாமல்னு சொல்றவங்களும் உண்டு. எனாமல்னா மீனாகாரி, அது வேற. வெள்ளி, தங்கம், செம்புல குழி செதுக்கி கண்ணாடிப் பொடி ரொப்பி சூட்டுல உருக்கறது. சூடு தாங்கற கலர் முதல்ல, சிவப்பு கடைசில. ஜெய்ப்பூர் வேலைக்கு சிவப்புல பேரு, லக்னோ வெள்ளி வேலைல நீலமும் பச்சையும் தூக்கல், ஆனா கலர மட்டும் பாத்து ஊரச் சொல்லிடாதீங்க, வேலைக்காரங்க ஊர் ஊரா போனவங்க.

எனாமல் உதிர்ந்த இடத்துல பெயின்ட் அடிச்சு விக்கறாங்க. லென்ஸ்ல பாருங்க, நிஜ எனாமல் குழிக்குள்ள கண்ணாடியா உக்காந்திருக்கும், குட்டிக் குட்டி காத்துக்குமிழி தெரியும். பெயின்ட் விளிம்பு தாண்டி வழிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, ஆடுற பிடிய கழட்டறேன்னு அடுப்புல காட்டறது! வாளோட அலகு பிடிக்குள்ள இருக்கற அரக்குலதான் நிக்குது, அது இளகும் சரி, கூடவே எனாமல் வெடிக்கும்.

அலகுல இருக்கற முத்திரை விஷயத்துல இன்னும் மோசம். அசதுல்லான்னு (பேர்போன பாரசீக வாள் கொல்லர்) பேர் பாத்ததும் ஈரானோட இஸ்ஃபஹான் வாள்னு குதிக்கறாங்க, அந்தப் பேர இந்தியாலயும் இஷ்டத்துக்குப் பொறிச்சிருக்காங்க. ஓடுற ஓநாய் முத்திரை இருந்தா ஜெர்மன் அலகா இருக்கலாம், ஐரோப்பா அலகுக்கு நம்மூர் பிடி போட்டதத்தான் ஃபிரங்கின்னாங்க (நம்ம பரங்கியேதான்), ஆனா வெளிநாட்டு முத்திரையயும் இங்க காப்பி அடிச்சாங்க. ராஜஸ்தான் பிகானேர் ஆயுதசாலை வாள்கள்ல புள்ளி புள்ளியா குத்தின தேவநாகரி எழுத்து இருக்கும், அத துருன்னு நெனச்சு உப்புத்தாள் போட்டா வாளோட ஜாதகமே போச்சு.

வாள்ல பொறிச்ச வருஷமும் கவனம். விக்ரம் சம்வத் (வடநாட்டு வருஷக் கணக்கு) 1850ன்னா ஆங்கில வருஷம் 1793 வாக்குல. ஹிஜ்ரி 1230ஓட 622 கூட்டி 1852ன்னு சொல்லாதீங்க, அது சந்திர வருஷம், ஆங்கில வருஷத்தவிட நாள் கம்மி, கணக்கு 1815 கிட்ட வரும்.

ஆன்லைன்ல வெளிநாட்டு ஆள் கேட்டான்னு கூரியர் பண்ணிடவும் வேணாம். 100 வருஷம் தாண்டின வாள்னா 1972 தொல்பொருள் சட்டப்படி தனியாள் ஏற்றுமதி பண்ணக்கூடாது.