நாய்க்கு ஃபிட்ஸ் வந்தால் டயஸிபாம்: எப்போது, எவ்வளவு, எந்த வழியாக

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நாய் காலை உதைத்துக்கொண்டு நுரை தள்ளிக் கிடக்கும்போது இப்படிச் சொன்னால் கோபம்தான் வரும். ஆனாலும் போனில் நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்பதுதான். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும், அதற்கு மருந்தே வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளுக்குள் மறுபடி வந்தாலோ, தெளியாமலே அடுத்தது தொடங்கினாலோ அவசரம். பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், அதனால் மனக்கணக்கு ஆகாது. கூட ஆள் இருந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இதயக் கோளாறில் மயங்கி விழுந்ததா, உண்மையிலேயே வலிப்பா என்பதைப் பல நேரம் அந்த வீடியோவை வைத்துத்தான் பிரிக்கிறேன்.

கோவில்பட்டியில் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். இங்கே வலிப்பு என்றதும் கை இரும்பைத் தேடும். நாயின் பாதத்தில் சாவிக்கொத்தைத் திணித்துப் பிடிப்பவர்களை எத்தனையோ பேர் பார்த்தாயிற்று. தானாக அடங்கப்போகிற நேரத்தில் சாவி பாதத்தில் இருந்ததால் பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் வாய்க்குள் விரலை விடுவது கெடுதல். நாய் நாக்கை விழுங்காது, உங்கள் விரலைக் கடித்துவிடும். தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாய் என்றால் ரேபிஸையும் மனதில் வையுங்கள். எச்சில் படக் கூடாது, பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தெருநாய் என்றால் தள்ளி நின்றே உதவுங்கள்.

படிக்கட்டு, கட்டில் விளிம்பிலிருந்து நாயை இழுத்துப் போடுங்கள். டிவியை நிறுத்தி லைட்டைக் குறையுங்கள், ஃபேன் ஓடட்டும். தசை இடைவிடாமல் வேலை செய்வதால் உடம்பு கொதிக்கும். நாயின் இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரிதான், நீண்ட வலிப்பில் அது 41-ஐத் தாண்டிவிடும், அதுவும் நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஈரத்துணி போடலாம். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

இனி மருந்து. டயஸிபாமை நம்மூரில் பலருக்கும் காம்போஸ் என்றால்தான் தெரியும். 1963-ல் ரோச் கம்பெனி வேலியம் என்ற பெயரில் மனிதர்களுக்காக விற்க ஆரம்பித்தது. நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருள் மூளையில் ஏற்கெனவே இருக்கிறது. டயஸிபாம் அதன் பிடியை இறுக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். நான் கிளினிக்கில் ரத்த நரம்பு வழியாகப் போடும்போது கிலோவுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம். ஓரிரு நிமிடத்தில் கால்கள் தளர்வது கண்ணுக்குத் தெரியும். வீட்டில் யாரும் நரம்பு தேடப் போவதில்லை. துள்ளுகிற காலில் எனக்கே சில நேரம் கிடைக்காது. வீட்டுக்கு இரண்டு வழிதான், ஆசனவாய் அல்லது மூக்கு.

ஆசனவாய் வழி என்றால் அளவு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். ஏற்கெனவே பினோபார்பிட்டோன் (வலிப்பு வராமலிருக்கத் தினசரி கொடுக்கும் மருந்து) சாப்பிடும் நாய்க்கு இரண்டு. ஏன் இரட்டிப்பு? பினோபார்பிட்டோன் கல்லீரலைச் சுறுசுறுப்பாக்கிவிடும், அது டயஸிபாமையும் சேர்த்து வேகமாக உடைத்துத் தள்ளும். கணக்கு இப்படி வரும். ஆம்பூலில் இரண்டு மில்லிக்குப் பத்து மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிக்கு ஐந்து. பன்னிரண்டு கிலோ பீகிளுக்கு 12 மில்லிகிராம் என்றால் 2.4 மில்லி. அதே நாய் பினோபார்பிட்டோனில் இருந்தால் 4.8 மில்லி, கிட்டத்தட்ட இரண்டரை ஆம்பூல். ராத்திரி இரண்டு மணிக்கு இந்தப் பெருக்கல் யாருக்கும் வராது. உங்கள் டாக்டரிடம் மில்லிக் கணக்கிலேயே எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். நாய் ஒரு கிலோ ஏறினாலோ இறங்கினாலோ தாளை மாற்றுங்கள். எழுதித் தராத அளவை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

கொடுக்கும் விதத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆம்பூலை உடைத்து ஊசியால் உறிஞ்சுங்கள். அடுத்து ஊசியைக் கழற்றித் தூரப் போடுங்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதீர்கள், பதற்றத்தில் மறப்பது இதைத்தான். மெடிக்கலில் கைக்குழந்தைக்கான ஃபீடிங் டியூப் கிடைக்கும். அதை விரல் நீளத்துக்கு வெட்டி சிரிஞ்சு முனையில் மாட்டி, நுனியில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நடுத்தர நாய்க்கு நாலைந்து சென்டிமீட்டர் உள்ளே போனால் போதும். ஆழமாகப் போனால் அங்கிருந்து ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போய் மருந்து பாதி வீணாகும், கீழ்ப்பகுதியில் விட்டால் அந்தச் சுற்று இல்லாமல் உடம்பில் சேரும். மெதுவாகத் தள்ளி, டியூபில் தங்கியது இறங்கக் கொஞ்சம் காற்றும் தள்ளி, வாலை ஒரு நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். வலிப்பு நடந்துகொண்டிருந்தாலும் இதைச் செய்யலாம், வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நிற்காவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம், ஆனால் அதற்குள் வண்டி கிளம்பியிருக்க வேண்டும். இருபத்துநாலு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் வீட்டில் கொடுக்கக் கூடாது. அடுக்கடுக்காகப் போனால் மூச்சு தளரும், மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

டயஸிபாமைச் சிரிஞ்சில் நிரப்பி வைத்துவிட்டால் நேரம் மிச்சமாகுமே என்பார்கள். கூடாது. மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், வெளிச்சமும் ஆகாது. உறிஞ்சிய சிரிஞ்சு ஒரு வாரம் கிடந்தால் அதில் என்ன மிச்சம் என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஆம்பூல், சிரிஞ்சு, டியூப், எண்ணெய், அளவு எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் வையுங்கள்.

என்னைக் கேட்டால் டயஸிபாமின் உறவுக்கார மருந்தான மிடாசோலத்தை மூக்கு வழியாகக் கொடுப்பதுதான் வீட்டுக்குச் சரி. 2017-ல் நாய்களில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஒரு ஆய்வு வந்தது. மூக்கில் மிடாசோலம் கொடுத்ததில் 70 சதவீத நாய்களுக்கு வலிப்பு நின்றது, ஆசனவாயில் டயஸிபாம் கொடுத்ததில் 20 சதவீதம்தான். மிடாசோலத்தின் அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மிடாசோலம் மில்லிக்கு ஒரு மில்லிகிராம், ஐந்து மில்லிகிராம் என இரண்டு வீரியத்தில் வருகிறது. பன்னிரண்டு கிலோவுக்குக் கெட்டியான மருந்தில் அரை மில்லி, அது ஒரு நாசியில் பாதி, மற்றதில் பாதி என அழகாக உட்காரும். நீர்த்ததை வாங்கிவிட்டால் 2.4 மில்லி, பாதிக்கு மேல் தொண்டைக்கு வழிந்துவிடும். மெடிக்கலில் லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். மனிதர்களுக்கான நேசல் ஸ்ப்ரே என்றால் ஒரு அடிப்பில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து, எத்தனை அடிப்பு என்று எழுதி வாங்குங்கள். பக் மாதிரி சப்பை மூக்குக்காரர்களுக்கு அளவோடு பொறுமையும் வேண்டும்.

இரண்டு மருந்தும் ஷெட்யூல் எச்1. சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டார்கள், எழுதியவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதுவார்கள். நோயாளி பெயர் 'டைகர்' என்றதும் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். சீட்டில் நாய் என்றும் உரிமையாளர் பெயரும் தெளிவாக இருந்தால் பிரச்சினை இல்லை.

வலிப்பு நின்றபின் நாய் குடித்த மாதிரி தள்ளாடும், சுவரில் முட்டும், கொஞ்ச நேரம் கண் தெரியாது, உங்களையே அடையாளம் தெரியாமல் உறுமலாம். கட்டிப்பிடிக்கப் போகாதீர்கள். டயஸிபாம் பசியைக் கிளப்பும், தட்டை முட்டிக்கொண்டு நிற்கும். நன்றாக விழுங்குகிறதா என்று ஸ்பூன் தண்ணீரில் பார்த்துவிட்டுச் சோறு போடுங்கள்.

டயஸிபாம் மட்டும் போதாத வலிப்பும் உண்டு. குட்டி போட்டு மூன்று வாரமான சின்ன ஜாதிப் பெண்நாய் விறைத்து, நடுங்கி, மூச்சிரைத்தால் அது கால்சியம் குறைவு. இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே நரம்பில் கால்சியம் மெதுவாக ஏற்ற வேண்டும், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள், குட்டிகளைப் பிரித்து வையுங்கள். சின்னக் குட்டி பட்டினி கிடந்து வலிப்பு வந்தால் சர்க்கரை குறைவாக இருக்கும், ஈறில் கொஞ்சம் தேன் தடவலாம். உண்ணிக்கு மாட்டு மருந்தை அளவில்லாமல் பூசிய நாய்க்கு விஷம்தான் காரணம், பாட்டிலையும் கையோடு எடுத்து வரவும். தடுப்பூசி போடாத குட்டிக்குத் தாடை மட்டும் மென்றுகொண்டே துடித்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயோ என்ற கவலை எனக்கு முதலில் வரும்.

"தினமும் ஒரு காம்போஸ் கொடுத்தா வராதுல்ல டாக்டர்?" வராமல் தடுக்க அது உதவாது. நாயின் உடம்பில் சில மணி நேரத்தில் கரைந்துவிடும், தினம் கொடுத்தால் மூளையும் பழகிவிடும், பிறகு நிஜமான அவசரத்துக்குக் கேட்காது. பூனைக்கு வாய்வழி டயஸிபாம் தொடர்ந்து கொடுத்துக் கல்லீரலே கெட்டுச் செத்தவையும் உண்டு, நாயோடு பூனையும் வளர்ப்பவர்கள் மாத்திரையைப் பங்கு போட்டுவிடாதீர்கள். தினசரிக்குப் பினோபார்பிட்டோன், கார்டினால் என்றால் தெரியும். கிலோவுக்கு இரண்டு மூன்று மில்லிகிராமில் தொடங்கி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ரத்தத்தில் நிலைக்க இரண்டு வாரம் ஆகும், அதற்குள் "மருந்து கேக்கல" என்று நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் நிறுத்தியதே வலிப்பை வரவழைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் டெஸ்ட்.

இதே டயஸிபாம் ஆபரேஷன் மேஜையில் வேறு ஆள். கெட்டமைன் என்ற மயக்க மருந்து தனியாகப் போனால் நாய் கண்ணைத் திறந்துகொண்டு கட்டை மாதிரி விறைக்கும். கூடவே கிலோவுக்குக் கால் மில்லிகிராம் டயஸிபாம் போனால் தசை இளகும், தொண்டைக் குழாய் சுலபமாக இறங்கும். இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் அதிகம் தொடாது என்பதால் வயதான, நோஞ்சான் நாய்களுக்கு எனக்குப் பிடித்த துணை. வலியை மட்டும் அது கொஞ்சமும் குறைக்காது, வலி மருந்து தனியாகப் போட்டீர்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. திடமான இளம் நாய்க்கு டயஸிபாம் மட்டும் போட்டால் தூங்குவதற்குப் பதில் துள்ளும். தீபாவளி வெடிக்குப் பயந்த நாய்க்குக் காம்போஸ் எழுதித் தரச் சொன்னால் நான் தயங்குவதும் இதனால்தான். பயம் தெளியாமல் கூச்சம் மட்டும் விட்டுப்போன நாய் கடிக்கும். சிசேரியனுக்கும் தவிர்ப்பேன், மருந்து குட்டிகளுக்கும் போய்த் துவண்டு பிறக்கும்.

வலிப்பு நாய்க்கு ஆபரேஷன் என்றால் கெட்டமைனை ஒதுக்கிவிட்டு மிடாசோலமும் புரபோஃபாலும் எடுப்பேன். எங்கள் பக்கத்து வேட்டை நாய்களான சிப்பிப்பாறை, கன்னி என்றால் தயோபென்டோன் என்ற மயக்க மருந்தையும் தொடமாட்டேன். கிரேஹவுண்ட் வகை நாய்கள் அதிலிருந்து எழ நெடுநேரம் எடுக்கும், இவையும் அதே கொழுப்பில்லாத உடல்வாகு. மயக்கம் மிஞ்சிப் போனால் டயஸிபாம், மிடாசோலம் இரண்டையும் திருப்ப ஃப்ளூமசெனில் இருக்கிறது. ஆனால் வலிப்பு நாய்க்கு அதைக் கொடுப்பது அணைத்ததைத் தூண்டிவிடலாம், மிகவும் யோசித்துத்தான் எடுப்பேன்.

ஆபரேஷனில் உங்கள் பங்கு முந்தின நாளே தொடங்குகிறது. நாய் சாப்பிடும் எல்லா மருந்தின் அட்டையையும் கொண்டுவாருங்கள், கடைசி வலிப்புத் தேதியைச் சொல்லுங்கள். வளர்ந்த நாய்க்கு ராத்திரி சாப்பாட்டோடு சரி, தண்ணீர் காலை வரை இருக்கலாம். வெறும் வயிறு என்று காலைப் பினோபார்பிட்டோனை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அதைக் கொடுத்தே ஆக வேண்டும், துளி இட்லியில் பொதித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் சொல்லிவிடுங்கள். தெளியும்போது சத்தமில்லாத, இருட்டான, குளிரடிக்காத மூலை போதும். அன்று ராத்திரி வேளையும் தவறக் கூடாது. விழுங்கத் தெரியாமல் வழியவிட்டால் திணிக்காதீர்கள், போன் செய்யுங்கள், ஊசியாகப் போட்டுவிடலாம்.