கப்பலில் அம்மாவின் குமட்டல் நின்ற விதம்

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலேயே அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டும். வேலூரிலிருந்து கொச்சி போய், கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளுக்கான லட்சத்தீவுக் கப்பலில் குடும்பத்தோடு ஏறினோம். முதல் இரவே அம்மா சுருண்டு படுத்துவிட்டார், பாவம்.

மூடிய அறைக்குள் கண்ணுக்கு அசைவு தெரியாது. உள்காதோ ஆட்டத்தை உணரும். இந்த முரண்பாடுதான் குமட்டலைக் கிளப்புகிறது. விடிந்ததும் அவரை மேல்தளத்துக்கு, அதுவும் ஆட்டம் குறைவான நடுப்பகுதிக்கு, கைத்தாங்கலாக அழைத்துவந்து தொடுவானத்தையே பார்க்கச் சொன்னேன். உப்பு பிஸ்கட்டைக் கொறித்தார். தேனில் குழைத்த சுக்குப்பொடியை விரலால் வழித்து நக்கினார். மெல்ல முகம் தெளிந்தது. எனக்கு உயிரே வந்தது.

கல்பேனியில் ஆடும் சிறு படகுக்குள் அம்மாவே முதலில் இறங்கினார். திரும்பும்போது, மருத்துவர் சொன்ன மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே கொடுத்தேன். இரவு நிம்மதியாகத் தூங்கினார்.