பக்லாவா ஏன் நமத்துப்போகிறது?

மெல்லிய மாத்தாள்களுக்கு இடையில் கொத்திய பருப்பு வைத்துச் சுட்டு, சீனிப்பாணி ஊற்றும் இனிப்புத்தான் பக்லாவா. மட்டக்களப்பு, கல்முனை மாதிரியான கடற்கரை ஊர்களில் அதைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான். மாரி காலத்தில் சொல்லவே வேண்டாம்.

முதல் பிழை, பிலோ என்கிற அந்த மாத்தாளை அவசரமாக இளக வைப்பது. பிரீசரில் இருந்து நேரே மேசைக்கு வந்தால் வெளித்தாள்கள் வியர்த்து ஒட்டிக்கொள்ளும். நடுப்பகுதி விறைத்தே இருந்து, விரிக்கும்போது மடிப்பில் வெடிக்கும். முதல்நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். செய்வதற்கு ஒரு மணித்தியாலம் முன் வெளியே எடுத்து, உறையைப் பிரிக்காமல் வையுங்கள். பிரித்த பிறகு ஈரத்துணியைத் தாளின்மேல் நேரே போட வேண்டாம், இடையில் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கட்டும். மின்விசிறி ஓடினால் ஓரங்கள் சருகாகிவிடும், நிறுத்திவிடுங்கள்.

பட்டரை உருக்கிய கையோடு பூசுவதும் தவறு. அதில் ஏறத்தாழ 16 வீதம் தண்ணீர் இருக்கிறது. அடியில் தங்கும் வெள்ளை மண்டி கருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். சிறு தீயில் உருக்கி, நுரையை அகற்றி, தெளிந்த நெய்யை மட்டும் வடித்தெடுங்கள். 500 கிராம் தாளுக்கு 250 கிராம் பட்டர் போதும்.

2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியல் குறியீடு பெற்ற துருக்கியின் காசியாந்தெப் பக்லாவாவுக்குப் பிஸ்தாதான். நமக்கு இங்கே விளையும் கஜு அருமையாகப் பொருந்தும், 400 கிராம் எடுங்கள். கிரைண்டரில் ஓட விட்டால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். கத்தியால் அரிசிக் குறுணல் அளவுக்குக் கொத்துங்கள். கச்சான் என்றால் வறுத்துத் தோல் நீக்கிய பிறகு.

துண்டு போடுவது அவனில் வைப்பதற்கு முன்பே, கத்தி தட்டின் அடியைத் தொடும்வரை. வெந்தபின் வெட்டினால் மேல்தாள்கள் நொறுங்கும், பாணியும் அடிவரை இறங்காது. 170 பாகையில் 45 முதல் 50 நிமிடம். மேலே பொன்னிறம் வந்தவுடன் ஏமாறாமல், ஓரத்துண்டைத் தூக்கி அடியும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கூடுதலாகப் பிழைப்பது பாணியில். 2 கப் சீனி, 1¼ கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. கொதி வந்து 10 நிமிடத்தில் இறக்குங்கள். நம்மவர்களின் கை கம்பிப் பதத்துக்குப் பழகியது. இங்கே அதுவரை போனால் ஆறியதும் சீனி பூத்துவிடும். விரலில் பிசுபிசுத்தால் போதும். தேசிக்காய்ப் புளிப்பு சீனியின் ஒரு பங்கை உடைத்து, மீண்டும் கட்டிபடாமல் காக்கிறது.

பாணி நன்றாக ஆறியிருக்க வேண்டும், பக்லாவா அவனில் இருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். வெட்டுக்கோடு வழியே ஊற்றும்போது சொய்யென்ற சத்தத்தோடு கோடு முழுக்கக் குமிழி ஓடும். இரண்டும் சூடாக இருந்தால் தாள்கள் களியாகும், இரண்டும் ஆறியிருந்தால் பாணி உள்ளே இழுபடாது.

சூட்டோடு மூடி வைக்காதீர்கள், ஆவி திரும்பவும் தாளிலேயே விழும். மெல்லிய துணி போட்டு 6 மணித்தியாலம் விடுங்கள். எறும்புக்குப் பயமென்றால் ட்ரேயைத் தண்ணீர்த் தட்டத்தின் நடுவே உயரமாக வையுங்கள். பிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து மொறுமொறுப்புப் போய்விடும். மழைநாளில் மேல்தாள் நமத்திருந்தால் 150 பாகையில் 5 நிமிடம் சூடாக்கி, ஆறிய பிறகு பரிமாறுங்கள்.